ஒருபக்கம் என்று எழுதினேன்

பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். முன்பெல்லாம் ஜாதகம் பொருந்தினால் கை நனைத்தார்கள். இப்போது என் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் வந்தால்தான் இலை போடச் சொல்கிறார்கள். ஈரோட்டைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்குள் எத்தனையோ வீடுகளில் பாயசம் ஆறிப்போனதற்கு நான்தான் காரணம்.

நான் வேலை பார்ப்பது ஒரு ஸ்கேன் சென்டரில். கருவிக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது. ஜனங்கள் தோல் ஜாதகம் என்கிறார்கள். ஆளை உள்ளே நிறுத்தி நான்கு நிமிடம் ஒரு நீல வெளிச்சத்தைச் சுற்றவிட்டால், தோலுக்கு அடியில் நிறம் செய்கிற செல்கள் எங்கெங்கே நலிந்திருக்கின்றன, உடம்பின் காவல்படை அவற்றில் எதைத் தாக்கக் காத்திருக்கிறது என்று அது பார்த்துவிடும். அடுத்த முப்பது வருடத்தில் வெண்புள்ளி விழுமா, விழுந்தால் எங்கே என்று ஒரு மனித உருவத்தில் வரைந்து காட்டும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும்.

முன்கூட்டியே தெரிந்தால் மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிக்கலாம் என்ற நல்லெண்ணத்தில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். பாவம், அவர்களுக்கு நம் ஊர்க் கல்யாணத் தரகர்களைத் தெரியாது. கருவி வந்த இரண்டாம் வருடமே சிகிச்சைக்கு வருகிறவர்களைவிட நிச்சயத்துக்கு முன்னால் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

வெண்புள்ளி ஒட்டாது, வலிக்காது, உயிரை வாங்காது. கருவிக்கு முன்னால் வெள்ளை விழுந்தவர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி ஒதுக்கினார்கள். அதிலாவது ஒரு சமத்துவம் இருந்தது. கருவி வந்தபின் எங்களுக்குள்ளேயே மேலே கீழே வந்துவிட்டது. உடம்பின் ஒரு பாதியில் மட்டும் வந்து, ஓரிரண்டு வருடம் ஓடிவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றுவிடுவது ஒருபக்க வகை. கல்யாண விளம்பரங்களில் ‘ஒருபக்கம் பரவாயில்லை’ என்று பெருந்தன்மையோடு போடுகிறார்கள். உதட்டிலும் விரல் நுனியிலும் வருவது நுனி வகை. பரிமாறும்போது விரல் தெரியுமே என்று அதற்கு வரன் குறைவு. ஒன்றிரண்டு புள்ளியோடு எந்தப் பக்கம் போவது என்று முடிவாகாமல் இருப்பது ஓரிட வகை. அந்தக் காகிதத்தோடு போகிற பெண்ணை ஒரு வருடம் கழித்து வரச் சொல்வார்கள். பரவும் வகை இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்தது மாதிரி வரும், நிற்கும், மறுபடி கிளம்பும். அதற்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். உடம்பு முழுக்க வெளுத்துவிடுகிற முழு வகைக்காரர்களைப் பற்றித் தரகர்கள் பேசுவதேயில்லை.

எனக்கு இடது புருவத்திலிருந்து தாடைவரை வெள்ளை. புருவ முடியும் சேர்ந்து வெளுத்திருக்கிறது. ஒன்பது வயதில் வந்தது, பதினோரு வயதில் நின்றது. என் கல்யாண வயதில் இதற்கு வகையும் கிடையாது, வரனும் கிடையாது. நாற்பத்தோரு வயதில், கருவி என்னை ஒருபக்கம் என்று சொன்னபிறகு, ஒரு தரகர் வீடு தேடி வந்து, “மேடம், உங்களுது உசந்த வகைங்க” என்றார். டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். அன்று முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த ஆத்திரம்தான் பிறகு நான் செய்த எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என்று நினைக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு நாள் தன்ஷிகா வந்தாள். இருபத்தாறு வயது, கால்நடை மருத்துவர், அந்தியூர்ப் பக்கம் ஒரு மருந்தகத்தில் வேலை. கூட அவள் அம்மா மைதிலி. பெண்ணின் இடது காதுக்குக் கீழே விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை. அதற்கே எட்டு வரன் தட்டிப்போயிருந்தது. ஒன்பதாவதாக வந்த பையன் பெயர் சஞ்சித், பவானியில் வீடு. பையனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. அவன் அம்மாதான் பெண் வீட்டுக் காபியைக்கூடத் தொடாமல், காகிதம் வரட்டும் என்று எழுந்து போயிருந்தார்.

“மேடம், மூக்குல குத்தற வாசம் ஒண்ணு வருதே, இந்த வெளிச்சத்தால வர்ற ஓசோனுங்களா?” என்று கருவிக்குள் நின்றுகொண்டு கேட்டாள் தன்ஷிகா.

“பினாயிலுங்க. காலையிலதான் தரை தொடைச்சாங்க.”

அவள் சிரித்தாள். அந்த நீல வெளிச்சத்துக்குள் நின்று யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

பிறகு திரையில் படம் வந்தது. காதுக்குக் கீழே இருந்த புள்ளி சும்மா ஒரு ஆரம்பம்தான். இரண்டு கண்களைச் சுற்றியும், இரண்டு முழங்கைகளிலும், முழங்கால்களிலும், புறங்கைகளிலும், பாவாடை நாடா இறுக்குகிற இடுப்புச் சுற்றிலும் கருவி வெள்ளை தீட்டியிருந்தது. பரவும் வகை. சந்தேகத்துக்கே இடமில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இந்தப் படங்களையே வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதைப் போனில் படமெடுத்து ஊர் முழுக்க அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பை, அதில் இன்னும் வராத வெள்ளையோடு, முன்பின் தெரியாதவர்கள் பார்த்தார்கள். அதனால் படம் சென்டரை விட்டு வெளியே போகக்கூடாது, வகையை மட்டும் எழுதி ஒரு சான்றிதழ் தரலாம் என்று சட்டம் வந்தது. படத்தைக் கருவி வரையும். வகையைப் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் சென்டரில் அந்த ஒருவர் நான்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மைதிலி நின்றிருந்தார். கை கூப்பவில்லை, கெஞ்சவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து, வகை என்ற கட்டத்தில் ‘ஒருபக்கம்’ என்று எழுதினேன். கை நடுங்கவில்லை. கைக்குப் பழக்கம்தான்.

அப்போது என் கணக்கு இதுதான். வெள்ளை வர வருடங்கள் ஆகும். அதற்குள் கல்யாணம் ஆகி, ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டு, ஒரு குழந்தையும் பிறந்திருக்கும். பிறகு வந்தால் யார் என்ன செய்ய முடியும்? கருவி பத்தில் ஒன்று தப்பாகும், இது அந்த ஒன்று என்று போய்விடும். ஒரு கல்யாணக் காகிதத்தில் ஒரு பொய். ஜாதகத்தில் செவ்வாயை இடம் மாற்றி எழுதாத ஜோசியர் உண்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்மேல் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் மைதிலி மறுபடி வந்தார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை, கூடவே ஒரு டப்பாவில் அதிரசம். முகமே மாறியிருந்தது.

“வைகாசி பதினொண்ணு முகூர்த்தமுங்க. மொதல் பத்திரிகை கோயிலுக்கு, ரெண்டாவது உங்களுக்குத்தான் கொண்டாந்தேன். நீங்க வராம தாலி கட்டக்கூடாதுன்னு அம்மிணி சொல்லிப்போட்டாளுங்க.”

வாங்கிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

“அப்பறம் இன்னொண்ணுங்க. அந்தக் காதுக்குக் கீழ இருக்கறதையும் எடுத்துப்போடலாம்னு சம்பந்தியம்மா சொல்றாங்க. கோயமுத்தூர்ல இப்ப ஒரே நாள்ல ஒட்டு வெச்சு அனுப்பிப்போடறாங்களாமா. தொடையிலிருந்து நல்ல தோல எடுத்து, வெள்ளைய உரசிப்போட்டு அங்க ஒட்டறது. ஒருபக்க வகைக்கு நல்லாப் புடிக்குமுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நாளைக் கழிச்சு வெள்ளிக்கெழம வரச் சொல்லியிருக்காரு.”

டப்பாவை மேசையில் வைத்தேன்.

“டாக்டர் பரிசோதனை எதுவும் பண்ணலைங்களா? ஒரு வருஷம் பார்க்கணும், புதுசா வருதான்னு பார்க்கணும்னு சொல்லுவாங்களே?”

“அதெல்லாம் அந்தக் காலமுங்களாமா. இப்பத்தான் நீங்க எழுதிக் குடுக்கறீங்களே. அந்தக் காகிதத்தப் பார்த்ததும் தேதி குடுத்துட்டாரு.”

என் புத்தி மழுங்கிப்போயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் எழுதியது கல்யாணக் காகிதம் மட்டும் அல்ல. மருத்துவர்களும் அதைத்தான் நம்பினார்கள். முன்பு வருடக்கணக்காகக் காத்திருந்து தெரிந்துகொண்டதை, என் கையெழுத்தைப் பார்த்து இப்போது நொடியில் தெரிந்துகொண்டார்கள். இத்தனை வருடம் மணப்பந்தலையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஆபரேஷன் மேசை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து மைதிலிக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“உங்க பொண்ணோடது ஒருபக்க வகை இல்லைங்க. பரவும் வகை. நான் மாத்தி எழுதினேன்.”

அவர் அதிரவில்லை. மெதுவாகத் தலையாட்டினார். “தெரியுமுங்க. அன்னைக்குக் கண்ணாடி வழியா உங்க மொகத்தப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நல்ல சேதியா இருந்தா அத்தன நேரம் படத்தப் பார்த்துட்டு இருக்கமாட்டீங்களே.”

“அப்போ இதையும் தெரிஞ்சுக்குங்க. அந்த வகை உடம்புல எங்க வெட்டினாலும், எங்க உரசினாலும் அந்த எடத்துல வெள்ளை விழும். ஒட்டுனதும் புடிக்காது, தோல் எடுத்த தொடையும் வெளுத்துப்போகும். தூங்கிட்டு இருக்கறத நாமளே தட்டி எழுப்பின மாதிரி ஆயிரும். அங்கிருந்து வேகமா பரவலாம். ஆபரேஷன் வேண்டாமுங்க.”

மைதிலி தணிந்த குரலில் கேட்டார்.

“தொடையில வெளுத்தா யாருக்குங்க தெரியப்போகுது?”

அவரே தொடர்ந்தார்.

“சீலைக்குள்ளதான இருக்கும். காதுல ஒட்டுனது ஒரு மாசம் நின்னாப் போதுமுங்க. முகூர்த்தம் முடிஞ்சிரும். இப்பப் போயி வேண்டாம்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. காகிதம் பொய்யின்னு ஆகும். பத்திரிகை குடுத்தாச்சுங்க மேடம். அவங்கப்பா போயி ஆறு வருஷம், ஒத்தையா நின்னு எட்டுப் பேர்கிட்ட இவளக் காட்டிட்டேன். எட்டுப் பேரும் அவ காதையே பார்த்தாங்க. அவ மொகத்த ஒருத்தனும் பார்க்கல.”

“தினமும் குளிக்கறப்ப உங்க பொண்ணு பார்க்குமில்லீங்க?”

அதற்குத்தான் அவர் அழுதார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நீங்க ஒரு நல்லது பண்ணுனீங்க. அத நீங்களே கெடுத்துப்போடாதீங்க. அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க” என்று என் கையைப் பிடித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் நான் தை மாதத்தில் எனக்குச் சொல்லிக்கொண்டதுதான். என்ன, நான் தொடை என்ற சொல்லைச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதுவும் வாக்குக் கொடுக்காமல் அவரை அனுப்பிவைத்தேன். சொன்னால் என் லைசென்ஸ் போகும். வேலை போகும். போலீஸ்கூட வரலாம். கல்யாணம் நிற்கலாம், அதற்கு அந்தப் பெண்ணே என்னைச் சபிக்கலாம். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஒரு நல்ல உடம்பில், என் கையெழுத்தை நம்பி, ஒருவர் கத்தி வைப்பார். இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டுப் பார்த்தேன். கடைசியில் எடை போட்டுக்கொண்டிருப்பதே கேவலமாகத் தோன்றியது. மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு, தன்ஷிகாவின் படத்தை டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு அந்தியூர் பஸ் ஏறினேன். படம் வெளியே போகக்கூடாதுதான், ஆனால் நோயாளிக்குத் தன் படத்தைப் பார்க்கும் உரிமை உண்டு. அதைக் கேட்கலாம் என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

மருந்தக வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு எருமையைக் கட்டியிருந்தார்கள். முள்வேலியில் கிழிந்த அதன் மடியைத் தன்ஷிகா தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“மேடம்! நீங்க எங்க இந்தப் பக்கம்? பத்து நிமிஷம் இருங்க, இவள முடிச்சுட்டு வந்தர்றேன்.”

எருமைக்காரரிடம் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கையுறையைக் கழற்றிக் குழாயடியில் கை கழுவினாள். அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய வலது மணிக்கட்டுக்கு மேலே, நான்கு விரல் நீளத்துக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு.

“இது எப்போ வந்தது?”

“இதுங்களா? மாசி மாசம் ஒரு காளை கொம்பால கீறிப்போட்டுது. வடு.”

“வடு இல்லை கண்ணு.”

அவள் கையைத் துடைப்பதை நிறுத்தினாள். தன் மணிக்கட்டைத் திருப்பி வெயிலில் பார்த்தாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். மருத்துவருக்குத் தெரியாத விஷயமில்லை அது.

“மொதல்ல எனக்கும் சந்தேகம் வந்துதுங்க. ஆனா காதுல இருக்கறது இடது பக்கம், இது வலது. ஒருபக்கம்னு சர்ட்டிபிகேட் இருக்கே, அப்பறம் எப்பிடி வரும், வடுதான்னு விட்டுட்டேன்.”

அதைக் கேட்டபோது எனக்கு அவமானமாக இருந்தது. என் பொய் அவள் மாமியாரை மட்டும் ஏமாற்றவில்லை. தன் கையைத் தானே பார்க்க முடியாமல் அவளையும் குருடாக்கியிருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தோம். சுற்றி வளைக்காமல் சொன்னேன். என்ன வகை, என்ன எழுதினேன், நாளைக்குக் கத்தி வைத்தால் என்ன ஆகும், அம்மாவுக்குத் தெரியும் என்பது உட்பட. அவள் மேசைமேல் கிடந்த ஊசிக் குழாயின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியும்.”

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு டாக்ஸி சொல்லி வெச்சிருக்காங்க. காலையில ஏழு மணிக்கு.”

டேப்லெட்டைக் கேட்டு வாங்கினாள். படம் திறந்தது. தன் உருவத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணில் ஆரம்பித்து, கழுத்து, முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று விரல் நகர்ந்துகொண்டே போனது. புறங்கைக்கு வந்ததும் படத்தின் கையையும் தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இது நானுங்களா?”

“முப்பது வருஷத்துல. மருந்தும் வெளிச்ச சிகிச்சையும் ஆரம்பிச்சா பாதி தள்ளிப்போகும். சில பேருக்கு நின்னே போகும். சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் நல்லது.”

“தையிலயே சொல்லியிருந்தா?”

“தையிலயே ஆரம்பிச்சிருக்கலாம்.”

“அப்போ என்ற மூணு மாசம் போச்சு.” டேப்லெட்டை மேசையில் வைத்தாள். “மேடம், ஒரு மாட்டுக்கு நோய் இல்லைன்னு நான் பொய்யா எழுதிக் குடுத்தா, அந்த ஒரு கையெழுத்துக்கே என்னைய வேலைய விட்டுத் தூக்கிப்போடுவாங்க. விக்கறவன் பாவம், பொண்ணு கல்யாணத்துக்கு விக்கறான்னு எனக்கும்தான் தோணும். எழுதுவேனுங்களா?”

“தப்புதான் கண்ணு.”

“எம்மேல எரக்கப்பட்டீங்க. என்னையக் கேட்டுட்டு எரக்கப்பட்டிருக்கலாமில்ல?”

அவள் எழுந்து ஜன்னலோரம் போய் சஞ்சித்துக்குப் போன் செய்தாள்.

“நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம். காரணம் இருக்குது. போன்ல சொல்ற விஷயமில்ல, நேர்ல வா, ஒண்ணு காட்டணும்... இல்ல, நீ மட்டும் வா... ஆமா, வெள்ளை பத்தினதுதான்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் “சரி, கேட்டுட்டே வா” என்று வைத்தாள்.

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேங்கறான்” என்றாள். “கெட்டவன் இல்லீங்க அவன். எனக்கு அவனப் புடிக்கும்.” அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. புறங்கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

அடுத்த போன் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு. வெள்ளிக்கிழமை நேரத்தை ரத்து செய்யச் சொன்னாள். யாரும் காரணம் கேட்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். என் நெஞ்சு லேசானது மாதிரிகூட இருந்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன், வெட்கமில்லாமல்.

தன்ஷிகா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மேடம், இதே மாதிரி எத்தன பேருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க?”

இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ளாமல் நான்கு வருடம் ஓட்டியிருந்தேன். உங்களிடமும் நான் சொல்லவில்லை.

“உன்னையச் சேர்த்து பத்தொன்பது.”

“பத்தொன்பதும் பொண்ணுங்களா?”

“பதினாறு பொண்ணு. மூணு பையன்.”

“அவங்கள்ல எத்தன பேரு ஒரே நாள் ஒட்டுக்குப் போனாங்க?”

“அது வந்தே ஒரு வருஷம்தான் ஆகுது. தெரியாது.”

“தெரியாதுங்களா, கேக்கலைங்களா?”

“கேக்கல.”

வாசலில் அடுத்த மாட்டை ஓட்டிக்கொண்டு யாரோ வந்தார்கள். தன்ஷிகா எட்டிப்பார்த்து, கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மேசையிலிருந்த மருந்துச் சீட்டுக் கட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள்.

“பேரு ஞாபகம் இருக்குதுங்களா?”

இருந்தது. அத்தனை பேரும் மனப்பாடம். பெயர், ஊர், வெள்ளை எங்கே, கல்யாணம் எந்த மாதம் என்று எல்லாம். அவர்கள் பத்திரிகைகளை வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன், பரிசுக் கோப்பைகளை வைப்பது மாதிரி. பதினெட்டுப் பெயரையும் எழுதினேன்.

“ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. நான் இங்கயே இருக்கறேன்.”

“எல்லாருக்கும் கல்யாணம் ஆயிருச்சு தன்ஷிகா. சொன்னா வீடு உடையும்.”

“சொல்லலைன்னா வெட்டுவாங்க.” பட்டியலைத் தன் பக்கம் திருப்பி முதல் பெயரைப் பார்த்தாள். “பிரபாவதி, பெருந்துறை. கூப்பிடுங்க.”

எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“கௌசல்யா அக்காங்களா! உங்களுக்கு நூறு ஆயுசுங்க. இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டு இருந்தோம்.” மூச்சு வாங்காமல் பேசினாள். “பங்குனியில கோயமுத்தூர் போயி ஒட்டு வெச்சுட்டு வந்தமுங்கக்கா. ஒட்டுனது புடிக்கல. எடுத்த எடமெல்லாம் பட்டை பட்டையா வெளுத்துப்போச்சு. இப்ப மொகத்துல கண்ணச் சுத்தியும் வந்திருச்சு. ஒருபக்க வகைக்கு இப்பிடி ஆகவே ஆகாது, குடுத்த மருந்த நீ ஒழுங்காத் தடவலைன்னு டாக்டரு என்னையத் திட்டறாரு. வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க. தடவுனேங்கக்கா, ஒருவேள கூட விடாம தடவுனேன். நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க. எம்மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா.”

தன்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

“உம்மேல தப்பில்ல பிரபா” என்றேன். “போன ஸ்பீக்கர்ல போட்டு நடு வீட்டுல வெய்யி. வீட்டுல இருக்கற எல்லாரையும் கூப்பிடு. யாரு மேல தப்புன்னு நான் சொல்றேன்.”